மாண்டேயப் பொற்கொல்லரின் கறுப்புக் கோடு



நகைக்கலை பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, ஜெய்ப்பூர் குந்தன், வடசேரி கோயில் நகை என்று நமக்குப் பழகிய ஏதாவதொன்றை எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது மாண்டேயர்களின் வேலை. ஈராக்கின் தென்பகுதியிலும் அதையொட்டிய ஈரானின் குசெஸ்தான் மாகாணத்திலும் ஆற்றங்கரை ஊர்களில் வாழ்ந்துவந்த ஒரு சிறிய சமூகம் அது. உலகம் முழுவதும் தேடிக் கூட்டினாலும் அவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டமாட்டார்கள். ஆனால் ஈராக்கில் நல்ல வெள்ளி வேலை என்றால் அது அவர்கள் வேலை. ஈரானின் அஹ்வாஸ் நகரத்தில் தங்கத்தில் மினா என்றாலும் அவர்கள் வேலைதான். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் இருந்தது. இப்போது அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. எல்லாம் மூடி முடிவதற்குள் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இந்தத் தலைப்பை நான் பிடிவாதமாக எடுத்ததற்குக் காரணம்.

முதலில் மனிதர்கள், பிறகு நகை.

மாண்டேயர்கள் கிறித்தவர்கள் அல்ல, இஸ்லாமியர் அல்ல, யூதரும் அல்ல. யோவான் ஸ்நானகனைத் தங்கள் பெரிய ஆசானாகப் போற்றுகிறவர்கள். அவர்கள் வேதத்தின் பெயர் கின்சா ரப்பா. பெரிய கருவூலம் என்று பொருள். அது எழுதப்பட்ட மாண்டாய மொழி, அரமேய மொழிக் குடும்பத்தின் கிழக்குக் கிளை. குர்ஆன் மூன்று இடங்களில் சாபியர் என்று ஒரு கூட்டத்தைக் குறிப்பிடுகிறது. அந்தப் பெயரின் நிழலில்தான் இவர்கள் இஸ்லாமிய ஆட்சிகளின்கீழ் வேதம் உடையவர்களாக எண்ணப்பட்டுப் பிழைத்தார்கள். தென் ஈராக்கின் சாதாரணப் பேச்சில் இவர்களைச் சுப்பா என்பார்கள்.

இவர்களுடைய சமயத்துக்கு உயிர் நீர். தேங்கிய நீர் உதவாது, ஓடும் நீர் வேண்டும். அதை யர்த்னா என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும், திருவிழாக்களிலும், திருமணத்திலும் வெள்ளை உடுப்பு உடுத்து ஆற்றில் இறங்கி ஞானமுழுக்குப் பெற வேண்டும். ஒரு முறை பெற்றால் போதும் என்பது அவர்கள் வழக்கம் இல்லை. வாழ்நாள் முழுதும் மீண்டும் மீண்டும் பெறுவது. அதனால்தான் அவர்கள் ஊர்கள் எல்லாம் ஆற்றோடு ஒட்டியிருந்தன. டைக்ரிஸ் கரையில் அமாரா, கலாத் சாலிஹ். யூப்ரடீஸ் பக்கம் நாசிரியா, சூக் அல் ஷுயூக். ஈரானில் காரூன் கரையில் அஹ்வாஸ், ஷுஷ்தர், கோரம்ஷஹர். வெளியிலிருந்து யாரும் மதம் மாறிச் சேர முடியாது. வெளியில் மணம் செய்தவரின் பிள்ளைகளுக்கும் இடமில்லை. ஆயுதம் ஏந்துவதை அவர்கள் மரபு வெறுக்கிறது. 1831இல் வந்த காலராவில் பூசகர்கள் ஏறக்குறைய எல்லோரும் மாண்டுபோனார்கள்; யஹ்யா பிஹ்ராம், ராம் சிஹ்ரூன் என்ற இரண்டு இளைஞர்கள் அறுந்த பூசக மரபை மறுபடி முடிந்தார்கள். அறுந்துபோக இருந்து பிழைத்த சமூகம் அது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் தொழில் மூன்று. படகு கட்டுவது, இரும்படிப்பது, பொன் வெள்ளி வேலை. சதுப்புநில அரபுகளுக்கு மஷ்ஹூஃப் என்கிற ஒல்லியான படகைக் கட்டிக் கீல் பூசிக் கொடுத்தவர்கள் இவர்கள். அறுவடை அரிவாளும் மீன் குத்தும் ஈட்டியும் அடித்துக் கொடுத்தவர்களும் இவர்களே. அந்த அரபுப் பெண்களின் காலுக்குத் தண்டை, மூக்குக்குப் பொட்டு, கைக்குக் காப்பு செய்தவர்களும் இவர்களே. அண்டை வீட்டாரோடு மண உறவு கிடையாது, உணவிலும் சடங்குத் தூய்மை பார்ப்பார்கள். ஆனால் அண்டை வீட்டுப் பெண்ணின் கல்யாண நகை இவர்கள் கையில்தான் உருவாகும். பரஸ்பரத் தேவை என்பது ஒரு சிறுபான்மைக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது. அது போனபோது என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு முரணையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் வேதம் பொன்னிலும் வெள்ளியிலும் மனத்தை வைக்காதே என்று அறிவுரை சொல்கிறது. அந்த வேதத்தை ஓதுகிறவர்கள் பொற்கொல்லர்கள். இதில் எனக்குக் குறை தெரியவில்லை. பொன்னை அவர்கள் சடங்கிலும் கவனமாக அளந்துதான் வைத்திருக்கிறார்கள். பூசகரின் வலக்கைச் சுண்டுவிரலில் ஒரு தங்க மோதிரம் உண்டு. அதற்கு ஷூம் யாவர் என்று ஒளியுலகத் தேவர் ஒருவரின் பெயர். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு உடுத்தும் வெள்ளை உடுப்பில் வலப்பக்கம் ஒரு பொன் இழையும் இடப்பக்கம் ஒரு வெள்ளி இழையும் தைப்பார்கள். கல்லறையை முத்திரையிட ஸ்கந்தோலா என்ற ஓர் இரும்பு முத்திரை: சிங்கம், தேள், குளவி, அவற்றைச் சுற்றித் தன் வாலைத் தானே கவ்விய பாம்பு. உலோகத்தில் சித்திரம் கீறும் கை அவர்களுக்குச் சந்தையால் மட்டும் வந்ததல்ல என்பதற்கு இந்த முத்திரை ஒன்றே போதும்.

இப்போது பட்டறைக்குள் போவோம்.

மினா என்ற சொல் நமக்குத் தெரிந்ததுதான். மீனாகாரி வேலை என்று நம் நகைக்கடைகளிலேயே சொல்கிறோம். பாரசீகத்திலிருந்து வந்த சொல், வந்த தொழில். ராஜா மான்சிங் லாகூரிலிருந்து மினா வேலைக்காரர்களைக் கூட்டிவந்து ஜெய்ப்பூர்ப் பக்கம் குடியேற்றினார் என்பது பலரும் அறிந்த வரலாறு. அது கண்ணாடி வேலை. கண்ணாடித் தூளில் உலோக ஆக்சைடுகளைச் சேர்த்து நிறம் ஏற்றுவார்கள்: கோபால்ட் நீலம் தரும், செம்பு பச்சை தரும். பொன்னில் குழி வெட்டி அந்தத் தூளை நிரப்பி உலையில் வைத்தால், 750லிருந்து 850 டிகிரி வாக்கில் கண்ணாடி உருகிப் பொன்னோடு ஒட்டிக்கொள்ளும். அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில், குறைந்த சூடு தாங்கும் சிவப்பு கடைசியில். பொன்னில் செம்புக் கலப்பு அதிகம் இருந்தால் சூட்டில் மேற்பரப்பு கறுக்கும், நிறம் கெடும். அதனால் மினாவுக்கு மாற்று உயர்ந்த பொன் கேட்பார்கள்.

மாண்டேயர்களும் தங்கள் வேலையை மினா என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பெயர் பெற்ற மினா கறுப்பு. அதில் கண்ணாடி கிடையாது. வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் நான்கும் சேர்ந்த ஒரு கறுப்புக் கூட்டு. மேற்கத்தியப் புத்தகங்களில் நியெல்லோ என்று எழுதுவார்கள். அமாராவிலும் பாக்தாதிலும் அதை வெள்ளியில் இட்டார்கள். அஹ்வாஸில் தங்கத்தில் இட்டார்கள்.

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்த அரங்கில் பத்தர்மார் சிலரும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்வது உடனே பிடிபடும்.

மூசையில் வெள்ளியையும் செம்பையும் உருக்கி, ஈயத்தைச் சேர்த்து, உருகிய நிலையிலேயே கந்தகத்தோடு கலக்க வேண்டும். நெடி மூச்சை அடைக்கும். ஆறியதும் கிடைப்பது நிலக்கரிபோல் கறுத்து, சுத்தியால் தட்டினால் நொறுங்கும் ஒரு கட்டி. அதை உரலில் இட்டு மைபோல் அரைக்க வேண்டும். இது ஒரு வேலை. இன்னொரு பக்கம் தகடு. அரக்கில் பதித்துத் தகட்டை அசையாமல் நிறுத்தி, கூரிய உளியால் சித்திரத்தைக் கீற வேண்டும். அச்சு கிடையாது, கையால் நேராகக் கீறுவதுதான் பழைய வழக்கம். கோடு ஆழமாகவும் இருக்க வேண்டும், மெலிந்தும் இருக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் மினா தங்காது. அகலம் கூடினால் சித்திரம் முரடாகும்.

பிறகு அந்தக் கறுப்புத் தூளை வெங்கார நீரில் குழைத்துக் கோடுகளில் அப்புவார்கள், மேடு தட்டும் அளவுக்கு. அடியிலிருந்து சூடு காட்டுவார்கள். வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும், பொன் உருக 1064. இந்தக் கறுப்புக் கூட்டு அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே உருகிவிடும். ஆகவே தகட்டுக்குச் சேதமில்லாமல் கூட்டு மட்டும் இளகிக் கோடுகளுக்குள் ஓடும். அந்தக் கணத்தில் சூட்டை நிறுத்தத் தெரிய வேண்டும். கொஞ்சம் கூடினால் கூட்டிலுள்ள ஈயம் தகட்டையே அரிக்கத் தொடங்கிவிடும். வெள்ளியில் பொத்தல் பொத்தலாக விழும். பொன்னில் இன்னும் கொடுமை. துளி ஈயம் கலந்தாலே பொன் நொறுங்கத் தொடங்கும் என்பது பத்தர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு. வெள்ளியைக் கந்தகம் எளிதில் பிடித்துக்கொள்ளும். பொன்னை அது சீண்டுவதில்லை. வெள்ளியில் இயல்பாகப் பொருந்தும் கறுப்பைப் பொன்னில் நிறுத்துவதற்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். அஹ்வாஸ் கைக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆறியபின் பார்த்தால் தகடு முழுக்கக் கறுப்புப் பொருக்கு. சித்திரம் எங்கே என்று தெரியாது. அரத்தால் ராவ வேண்டும். மேலே படிந்த கறுப்பு போகப்போக வெள்ளி வெளியே வரும், கோடுகளில் மட்டும் கறுப்பு நிற்கும். ஓர் இழை அதிகமாக ராவினால் கோடும் சேர்ந்து போய்விடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியில் மெருகு. நன்றாகச் செய்த வேலையின்மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் கறுப்பு எங்கே முடிந்து வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. நல்ல வேலைக்கு நான் வைக்கும் சோதனை அதுதான். இது மேலே தீட்டிய மை இல்லை. தகட்டுக்குள் ஊன்றி உட்கார்ந்த கூட்டு. நூறு வருஷம் விரலில் உரசினாலும் நிற்கும்.

இந்தக் கூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் "ரகசியம்" என்ற ஒரு சொல்லைச் சொல்கிறார்கள். அப்பா மகனுக்கு மட்டும் சொல்லும் ரகசியம், வெளியில் தெரியாத ரகசியம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற ஐரோப்பியத் துறவி எழுதிய கைத்தொழில் நூலிலேயே வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் என்ற நான்கும் இருக்கின்றன. ருஷ்யாவில் செய்தார்கள், தாய்லாந்தில் செய்தார்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் தன் தன் அளவு இருக்கும், அதை வெளியே சொல்லமாட்டார்கள், அது எந்தத் தொழிலிலும் உள்ளது. ஆனால் அமாராவின் வேலையை அமாராவின் வேலையாக ஆக்கியது கூட்டின் அளவு அல்ல. பத்து வயதில் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அரம் பிடிக்கத் தொடங்கிய ஒரு கை, முப்பது வயதில் ஒரு பேரீச்ச மரத்தை ஏழெட்டுக் கீறலில் நிற்கவைக்கும் பாருங்கள், அதுதான் காரணம். ரகசியம் ரகசியம் என்று சொல்லிச் சொல்லி நாம் ஓர் உழைப்பை மந்திரமாக்கிவிடுகிறோம். மந்திரம் என்றால் தொலைந்தால் தொலைந்ததுதான். உழைப்பு என்று ஒப்புக்கொண்டால் அதை இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுக்க வழி தேடுவோம்.

அந்தக் கை என்ன வரைந்தது? இங்கேதான் எனக்கு இந்த நகைகள்மேல் தீராத ஈர்ப்பு.

ஒரு காப்பை எடுத்துக்கொள்வோம். ஆறேழு சிறு பலகைகளைக் கீல் வைத்துக் கோத்த வெள்ளிக் காப்பு. இந்த வகை நிறையச் செய்யப்பட்டது. முதல் பலகையில் பேரீச்ச மரங்கள், அடியில் ஓர் ஒட்டகம். அடுத்ததில் மஷ்ஹூஃப், நின்றபடி கழி ஊன்றுகிற ஆள். அடுத்ததில் கூஃபா, டைக்ரிஸில் ஓடிய வட்டமான பரிசல். அதற்கடுத்துத் தெசிபோன் வளைவு, சாசானியப் பேரரசர்களின் அரண்மனையில் எஞ்சியது. பிறகு ஆற்றோரம் ஒரு நீலக் குவிமாடம், தீர்க்கதரிசி எஸ்ராவின் சமாதி; யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் புனிதமான இடம். குவிமாடம் நீலம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளியில் அது கறுப்புக் கோடுதான். கடைசிப் பலகையில் ஒரு பள்ளிவாசல், இரண்டு மினார்.

சாசானியர் வளைவு, யூதத் தீர்க்கதரிசியின் சமாதி, இஸ்லாமியரின் பள்ளிவாசல், சதுப்புநில அரபின் படகு. செய்தவன் மாண்டேயன். அவனுடைய ஞானமுழுக்கு எங்கே? அவன் பூசகரின் வெள்ளை உடுப்பு எங்கே? ஆற்றங்கரையில் நட்டு வைக்கும் திராப்ஷா என்ற அவனுடைய கொடி எங்கே? சந்தைக்கு வந்த வேலைகளில் அநேகமாக இல்லை. தன் சமயத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, தன்னைச் சுற்றியுள்ளவர்களின் நிலத்தையும் கோயிலையும் படகையும் வரைந்து கொடுத்திருக்கிறான்.

அவனுக்கு வரையத் தெரியாது என்பதில்லை. திவான் அபாதூர் என்று மாண்டேயர்களின் சித்திரச் சுருள் ஒன்று உண்டு. இறந்த ஆன்மா கடக்க வேண்டிய காவல் நிலையங்களைப் படமாகக் காட்டுவது. மாண்டேயர்களைப் பற்றி ஆய்ந்து எழுதிய ட்ரவர் அம்மையார் 1950இல் அதைப் பதிப்பித்தார். அதில் உள்ள உருவங்கள் கட்டம் கட்டமாக, கோணம் கோணமாக, இந்த உலகத்தில் காணாத வடிவில் இருக்கும். வீட்டுக்குள் வரையும்போது அது அவன் மொழி. சந்தைக்கு வரையும்போது பேரீச்ச மரமும் ஒட்டகமும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே சமூகத்தின் வேலை என்று நம்புவது கஷ்டம். இந்தப் பிரிவினை பயத்தால் வந்தது என்று சிலர் சொல்லலாம். பயமும் இருந்திருக்கும். ஆனால் நான் அதை மரியாதை என்றும் படிக்கிறேன். வாங்குகிறவளின் கையில் அவளுடைய ஊர் இருக்கட்டும் என்று நினைத்தவனின் மரியாதை.

தெசிபோன் வளைவைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அது செங்கல் கட்டடம், 37 மீட்டர் உயரம். வளைவுக்கு இரு பக்கமும் சிறகுபோல் இரண்டு முகப்புச் சுவர்கள் இருந்தன. 1888 வெள்ளத்தில் ஒரு சிறகு விழுந்துவிட்டது. பிற்கால வெள்ளி வேலைகளில் வளைவு ஒற்றைச் சிறகோடு நிற்பதைப் பார்க்கலாம். புத்தகப் படத்தைப் பார்த்து அழகுக்காக முழுமையாக்கி வரையவில்லை. உள்ளதை உள்ளபடி கீறியிருக்கிறார்கள்.

இந்த வேலை உலகப் புகழ் பெற்றது முதல் உலகப் போரில். 1915 ஜூனில் பிரிட்டிஷ் இந்தியப் படை அமாராவைப் பிடித்தது. 1917 மார்ச்சில் பாக்தாத். சிப்பாய்களும் அதிகாரிகளும் சிகரெட் பெட்டி, கரண்டி, கைக்குட்டை வளையம், சட்டைப் பொத்தான் என்று வாங்கிக் குவித்தார்கள். அமாரா வேலை என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அந்தக் காலத்தின் பெரிய பெயர் சஹ்ரூன் அமாரா. பாக்தாதைப் பிடித்த தளபதி மாட், ஈராக்கின் மன்னர்கள் பைசல், காஜி, எகிப்தின் மன்னர் ஃபாரூக், சர்ச்சில் ஆகியோர் அவருடைய வாடிக்கையாளர்கள் பட்டியலில் வருகிறார்கள்.

அந்தச் சந்தையைக் காரணம் காட்டியே இந்த வேலையை ஒதுக்குகிறவர்கள் உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு விற்ற ஞாபகார்த்தப் பொருள், ஒட்டகமும் பேரீச்சையும், இதில் என்ன கலை என்று கேட்பார்கள். வாங்குகிறவன் யார் என்பதை வைத்துக் கலையை எடைபோடுவது தவறு என்பேன். சிகரெட் பெட்டி அந்நியனுக்காகச் செய்ததுதான். அதன் மூடியில் நிற்கிற படகு அந்நியனுக்காக வரைந்ததல்ல. அந்தப் படகைக் கீறியவனின் சித்தப்பனோ மாமனோ அதே மாதிரிப் படகைத் தச்சுப்பட்டறையில் கட்டிக்கொண்டிருந்தான். அதன் முன்முனை எவ்வளவு வளைய வேண்டும், கழி ஊன்றும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதெல்லாம் அவன் அன்றாடம் பார்த்தவை. மட்டமான நகல்கள் இருந்தன, இருக்கின்றன. அவற்றில் ஒட்டகத்துக்குக் கால் எங்கே மடியும் என்றே தெரியாமல் கீறியிருப்பார்கள். நல்ல வேலையையும் அந்தக் கூடையில் போடக் கூடாது.

அஹ்வாஸின் தங்க வேலையிலும் அதே பேரீச்சை, அதே படகு, அதே ஆறு. மஞ்சள் பொன்னில் கறுப்புக் கோடு விழும்போது வெள்ளியில் விழுவதைவிட மெத்தென்று இருக்கும், கண் கூசாது. தாலிக்கொடிபோல் கனத்த நகை அல்ல. பதக்கம், மோதிரம், காதணி, மெல்லிய காப்பு. ஈரானில் நகைத் தங்கம் பொதுவாக 18 காரட், ஈராக்கில் 21 காரட். பட்டறைக்காரன் அந்தந்தக் கலப்புக்குத் தக்கபடி சூட்டையும் கூட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நகரச் சந்தையில் மாண்டேயர் கடைகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதும், சற்றுத் தள்ளி ஓடும் காரூனில் ஞாயிறுதோறும் முழுக்கு நடப்பதும் ஒரே வாழ்க்கையின் இரண்டு பக்கங்கள்.

அந்த வாழ்க்கை எப்படிக் குலைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈரானில் 1979 புரட்சிக்குப்பின் வந்த அரசியல் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட சிறுபான்மைகள் என்று ஜொராஸ்ட்ரியர், யூதர், கிறித்தவர் மூவரை மட்டும் சொல்கிறது. மாண்டேயர் பெயர் இல்லை. பெயர் இல்லாதவனுக்குப் படிப்பிலும் அரசு வேலையிலும் கதவு திறப்பது கடினம். சொந்தப் பட்டறைதான் கதி. அடுத்த ஆண்டே போர். 1980இலிருந்து எட்டு ஆண்டுகள் ஈரானும் ஈராக்கும் மோதியது இவர்கள் வாழ்ந்த இதே நிலத்தில். எல்லைக்கு இந்தப் பக்கமும் மாண்டேயன், அந்தப் பக்கமும் மாண்டேயன். கோரம்ஷஹர் தரைமட்டமானது. 1991க்குப் பிறகு சதாம் உசேன் ஆட்சி சதுப்புநிலங்களை வடித்துக் காயவைத்தது. படகுக்கு வேலை இல்லை, படகு கட்டுகிறவனுக்கு ஊரில் வேலை இல்லை. வெள்ளியில் கீறப்பட்ட காட்சியே தரையில் இல்லாமல் போனது. பின்னாளில் தண்ணீர் ஓரளவு திரும்பியது. 2016இல் யுனெஸ்கோ அந்தச் சதுப்புநிலங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாண்டேயர்கள் திரும்பவில்லை.

2003 போருக்குப் பின் ஈராக்கில் சட்டம் ஒழுங்கு சரிந்தபோது பொற்கொல்லன் என்பதே கழுத்துக்குச் சுருக்கானது. கடையில் தங்கம் இருக்கிறது, வீட்டில் பணம் இருக்கிறது, கையில் ஆயுதம் கிடையாது, பழி வாங்க வரும் பெரிய குலம் பின்னால் கிடையாது. கடத்துகிறவனுக்கு இதைவிட வசதியான இரை எது? ஆட்களைப் பிடித்து வைத்துப் பணம் பறித்தார்கள். கடைகளைக் கொள்ளையடித்தார்கள். கொன்றார்கள். மாண்டேயர் வேதம் உடையவர்களே அல்ல என்று சொல்லி அந்தக் கொலைக்கு மதச் சாயமும் பூசினார்கள். 2005 அரசியல் சட்டம் சாபிய மாண்டேயர் என்று அவர்கள் பெயரைச் சொல்லியே சமய உரிமை தந்திருக்கிறது. காகிதத்தில் வந்த உரிமை தெருவில் வந்து சேரவில்லை. அந்தப் போருக்கு முன் ஈராக்கில் அறுபதாயிரத்துக்கு மேல் இருந்தவர்கள் சில ஆண்டுகளில் ஐயாயிரம் வாக்கில் சுருங்கிவிட்டதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. முன்னே சொன்னேனே, பரஸ்பரத் தேவை என்ற பாதுகாப்பு, அது அறுந்தபோது நடந்தது இது. எந்தத் தொழில் அவர்களைப் பல நூற்றாண்டு காப்பாற்றியதோ அதே தொழில் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

இப்போது அவர்கள் ஸ்வீடனில் இருக்கிறார்கள், அமெரிக்காவின் உஸ்டரில் இருக்கிறார்கள், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருக்கிறார்கள். சிட்னிக்காரர்கள் நெப்பியன் ஆற்றில் இறங்கி முழுக்குப் பெறுகிறார்கள். ஸ்வீடனில் டால்பி என்ற ஊரில் 2018இல் ஒரு வழிபாட்டு இல்லமே எழுப்பிவிட்டார்கள். சமயம் புது ஆற்றுக்குப் பழகிக்கொண்டது. தொழில் அப்படிப் பழகவில்லை. ஒரு பையன் பள்ளிக்கூடம் முடிந்து வந்து அப்பன் பக்கத்தில் அரம் பிடிக்கும் வாழ்க்கை அந்த நாடுகளில் இல்லை. ஈயமும் கந்தகமும் புகையும் பட்டறையை வீட்டுப் பின்கட்டில் வைக்க முடியாது. பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் படிக்கிறார்கள். படிக்கட்டும், அவர்கள் பட்டதற்கு அந்த நிம்மதி கிடைக்க வேண்டியதுதான். ஆனால் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் கண் மங்குவதற்குள் தன் கீறலை யாரிடம் ஒப்படைப்பார்? அவர் பேரனாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாண்டேயராகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. சமயத்துக்குள் வெளியாள் வர முடியாது, பட்டறைக்குள் வரலாம். கைத்தொழில் கல்லூரிகள் வைத்திருக்கும் நாடுகளில்தான் அவர்கள் வாழ்கிறார்கள். ஒரு பெரியவரை அழைத்து, உதவித்தொகை கொடுத்து, நான்கு மாணவர்களை எதிரில் உட்காரவைப்பது பெரிய செலவு இல்லை. காணொளி எடுத்து வைப்பது நல்லதுதான். அரத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் காணொளி சொல்லாது.

இதற்கும் நமக்கும் என்ன என்று கேட்பீர்கள். ஒரு தொடர்பு உண்டு. முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குப் போன இந்தியர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினரும் அங்கே இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் அமாரா, பாக்தாத் சந்தைகளில் வாங்கிய வெள்ளி சிலது நம் ஊர்ப் பெட்டிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கலாம். வெள்ளைக்கார அதிகாரிகள் ஊரைவிட்டுப் போகும்போது ஏலம் விட்ட சாமான்களிலும் வந்திருக்கலாம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துப் பெட்டியில் கறுப்புக் கோட்டில் பேரீச்ச மரமோ படகோ ஒட்டகமோ வரைந்த ஒரு வெள்ளிச் சாமான் கண்ணில் பட்டால், அழுக்கு என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளியை முக்கி எடுக்கிற மருந்துத் தண்ணீரில் முக்கவே முக்காதீர்கள்; அது கறுப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பழைய வெள்ளி விலைக்கு உருக்கப் போடாதீர்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அரபி எழுத்தில், அபூர்வமாக மாண்டாய எழுத்தில், செய்தவர் பெயர் பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்து, அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படித்து, அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிச் சாமானோடு வைத்துவிடுங்கள்.